லியோனார்டு ஆய்லர்

லியோனார்டு ஆய்லர் (ஏப்ரல் 15, 1707 – செப்டம்பர் 18, 1783) சுவிட்சர்லாந்தில் பிறந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை உருசியாவிலும் பிரசியாவிலும் கழித்த கணிதவியலாளர், இயற்பியலாளர், வானியலாளர் ஆவார். நுண்கணிதம், எண் கோட்பாடு, விசையியல், பாய்ம இயக்கவியல், ஒளியியல், வானியல் எனப் பல துறைகளில் அடிப்படையான பங்களிப்புகளைச் செய்தார். அவருடைய படைப்புகளைத் தொகுத்த அட்டவணையில் 866 நூல்களும் கட்டுரைகளும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, அவர் பார்வையைப் பெரிதும் இழந்த பின்னர் வந்தவை.

வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதில் இன்று மாணவர்கள் கற்கும் முறைகள் பலவும் ஆய்லரிடமிருந்து வந்தவையே. பல்கலைக்கழகங்களில் இப்பாடம் கணித மென்பொருள்களின் துணையோடு கற்பிக்கப்படும்போது, மாணவர் முதன்முதலாக எழுதும் நிரல் பெரும்பாலும் ஆய்லர் முறைக்கான நிரலாகவே இருக்கிறது. அம்முறை 1768 ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்தது.

இளமையும் கல்வியும்

ஆய்லர் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். தந்தை பவுல் ஆய்லர் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். தாயார் மார்கரெட் புருக்கர். ஆய்லர் பிறந்து சில காலத்தில் குடும்பம் அருகிலுள்ள ரீகென் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பவுல் ஆய்லர் தம் மாணவப் பருவத்தில் யாக்கோபு பெர்னூலியிடம் கணிதம் கேட்டவர். யாக்கோபின் தம்பி யோகான் பெர்னூலியுடன் பழகியவர். மகனுக்குக் கணிதத்தின் முதற் பாடங்களை அவரே கற்பித்தார்.

ஆய்லர் தம் 13 ஆம் அகவையில் பேசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1723 இல் தேக்கார்ட், நியூட்டன் ஆகியோரின் மெய்யியல் கருத்துகளை ஒப்பிட்டு உரையாற்றி முதுகலைப் பட்டம் பெற்றார். தம்மைப் போலவே மகனும் போதகராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதன்படி ஆய்லர் இறையியல், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றையும் படித்தார். ஆனால் மனம் கணிதத்திலேயே நின்றது. அக்காலத்தில் ஐரோப்பாவின் முன்னணிக் கணிதவியலாளராக இருந்த யோகான் பெர்னூலி அவருக்குத் தனியே பாடம் எடுக்க நேரமில்லை என்று கூறிவிட்டார்; எனினும் கடினமான நூல்களைத் தாமே படித்து, புரியாத இடங்களைச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் வந்து கேட்கலாம் என்று இசைந்தார். வாரம் முழுவதும் தானே முயன்று, எஞ்சிய ஐயங்களை மட்டும் ஆசிரியரிடம் கொண்டுசெல்லும் இப்பழக்கம் ஆய்லரின் கல்விக்கு அடித்தளமாயிற்று. பின்னர் யோகான் பெர்னூலியே தந்தையிடம் பேசி, மகன் கணிதத்துறையில் செல்ல இசைவு பெற்றுத்தந்தார்.

1727 இல் பாரிசு அறிவியல் கழகம் கப்பல்களில் பாய்மரங்களை எங்கு நிறுவுவது சிறந்தது என்னும் வினாவுக்குப் பரிசு அறிவித்திருந்தது. அப்போட்டியில் பியேர் பூகே முதலிடம் பெற்றார். ஆய்லருக்கு அடுத்த இடம் கிடைத்தது. பிற்காலத்தில் அக்கழகத்தின் பரிசுகளை ஆய்லர் 12 முறை வென்றார். பேசல் பல்கலைக்கழகத்தில் காலியாயிருந்த இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பித்தார், அது கிடைக்கவில்லை.

முதலாம் பீட்டர்ஸ்பர்க் காலம் (1727–1741)

யோகான் பெர்னூலியின் மகன்களான நிக்கோலசும் தானியேலும் உருசியாவில் புதிதாக நிறுவப்பட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியாற்றி வந்தனர். நிக்கோலசு 1726 இல் அங்கேயே காலமானார். தானியேலின் பரிந்துரையால் ஆய்லருக்கு அக்கழகத்தில் உடலியங்கியல் பிரிவில் இடம் கிடைத்தது. 1727 மே 17 அன்று அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். கழகத்தை ஆதரித்து வந்த பேரரசி முதலாம் கத்தரீன் இறந்ததும் அதே நாளில்தான். கழகத்தின் எதிர்காலமே ஐயத்துக்குரியதாயிற்று. எனினும் ஆய்லர் விரைவில் கணிதப் பிரிவுக்கு மாறி, 1731 இல் இயற்பியல் பேராசிரியரானார். 1733 இல் தானியேல் பெர்னூலி பேசலுக்குத் திரும்பியபோது கணிதப் பேராசிரியர் பதவி ஆய்லருக்கு வந்தது. 1734 சனவரியில் ஓவியர் கியோர்க் கெசலின் மகளான கத்தரீனாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளில் 5 பேரே குழந்தைப் பருவத்தைக் கடந்தனர்.

இக்காலத்தில் வர்க்க எண்களின் தலைகீழிகளைக் கூட்டினால் கிடைக்கும் முடிவிலித் தொடரின் மதிப்பைக் கண்டறிந்தார். பேசல் கணக்கு என்று பெயர்பெற்ற இவ்வினாவுக்கு மூத்த கணிதவியலாளர்கள் பலரும் விடை காண முயன்று தோற்றிருந்தனர். விடை, பையின் வர்க்கத்தை 6 ஆல் வகுத்தால் கிடைப்பது. கோனிக்சுபர்க் நகரின் ஏழு பாலங்கள் பற்றிய புதிருக்கும் இக்காலத்தில் விடை கண்டார். கோட்டுருவியல் என்னும் துறை இதிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. 1736 இல் வெளிவந்த விசையியல் நூலில், அதுவரை வடிவியல் படங்களால் விளக்கப்பட்டு வந்த இயக்கவியலை நுண்கணிதத்தின் மொழியில் எழுதினார். நகரும் பொருள்களைப் பற்றிய வினாக்கள் அனைத்தும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வினாக்களாக மாறின.

1735 இல் கடுங்காய்ச்சல் ஒன்றால் ஆய்லர் உயிராபத்தான நிலைக்குச் சென்று மீண்டார். 1738 இல், தம் 31 ஆம் அகவையில், வலக்கண்ணின் பார்வையை இழந்தார். கழகத்துக்காகச் செய்த நிலப்பட வேலையே இதற்குக் காரணம் என அவர் கருதினார்.

பெர்லின் காலம் (1741–1766)

உருசியாவில் அரசியல் குழப்பம் மிகுந்ததால், பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் அழைப்பை ஏற்று 1741 இல் ஆய்லர் பெர்லின் சென்றார். அங்கு 25 ஆண்டுகள் பணியாற்றினார். 1748 இல் முடிவிலிப் பகுப்பாய்வுக்கான அறிமுக நூலையும், 1755 இல் வகை நுண்கணித நூலையும் வெளியிட்டார். முதல் நூலில் சார்பு என்னும் கருத்தைக் கணிதப் பகுப்பாய்வின் மையமாக வைத்தார். இயல் மடக்கையின் அடிமானத்தை ஈ என்னும் இலத்தீன் எழுத்தால் குறிக்கும் வழக்கம் அவரால் நிலைபெற்றது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பை என்னும் கிரேக்க எழுத்தால் குறிப்பதும் அவருடைய நூல்களாலேயே பரவியது. 1757 இல் பாகுநிலையற்ற பாய்மங்களின் இயக்கத்துக்கான சமன்பாடுகளை வெளியிட்டார்.

1755 இல் 19 அகவையினரான லாக்ராஞ்சி, வளைகோடுகளின் பெரும, சிறுமங்களைக் காணும் புதிய முறை ஒன்றை ஆய்லருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அத்துறையில் ஆய்லரே 1744 இல் நூல் எழுதியிருந்தார். எனினும் இளைஞரின் முறை தம் முறையைவிடச் சிறந்தது என ஏற்று, பெருமை அவருக்கே சேரவேண்டும் என்பதற்காகத் தம் கட்டுரைகளின் வெளியீட்டைத் தள்ளிவைத்தார்.

மன்னருடனான உறவு நன்றாக அமையவில்லை. ஆய்லர் எளிமையும் சமயப் பற்றும் உடையவர். அவைக்குரிய சொல்வன்மை அவரிடம் இல்லை. மன்னர் தம் கடிதங்களில் அவருடைய ஒற்றைக்கண்ணைக் கேலி செய்தார். 1759 இல் கழகத் தலைவர் மோபெர்துயிசு இறந்த பின், கழகத்தின் நிருவாகம் ஆய்லரின் தோளில் விழுந்தது. ஆனால் தலைவர் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. மன்னர் பிரெஞ்சு அறிஞர் தாலம்பேரை அப்பதவிக்கு அழைத்தார். தாலம்பேர் அதனை மறுத்து, ஆய்லரே தகுதியானவர் என்று கூறியும் மன்னர் இசையவில்லை. 1766 இல் ஆய்லர் பெர்லினை விட்டு நீங்கினார்.

வகைக்கெழுச் சமன்பாடுகள்

ஒரு கணியத்தையும் அது மாறும் வீதத்தையும் தொடர்புபடுத்தும் சமன்பாடு வகைக்கெழுச் சமன்பாடு எனப்படும். சூடான பானம் ஆறுவது, ஊசல் ஆடுவது, நிலா புவியைச் சுற்றுவது ஆகிய யாவும் இத்தகைய சமன்பாடுகளால் விவரிக்கப்படுகின்றன. ஆய்லர் இவற்றைத் தீர்க்க இரு வழிகளை வளர்த்தார்.

முதல் வழி, விடையை ஒரு சூத்திரமாகக் காண்பது. மாறிலிக் குணகங்களைக் கொண்ட நேரியல் சமன்பாடுகள் எந்த வரிசையினவாயினும் அவற்றைத் தீர்க்கும் பொதுமுறையை 1739 இல் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்து, 1743 இல் வெளியிட்டார். விடையை அடுக்குக்குறிச் சார்பாகக் கொண்டால், வகைக்கெழுச் சமன்பாடு ஒரு சாதாரண இயற்கணிதச் சமன்பாடாகச் சுருங்கிவிடும். அதன் மூலங்கள் மெய்யெண்களாயின் விடை வளரும் அல்லது தேயும், கலப்பெண்களாயின் அலைவுறும். தொகையீட்டுக் காரணியால் சமன்பாட்டைப் பெருக்கித் தீர்க்கும் முறையையும் அவர் வளர்த்தார்.

ஆனால் பெரும்பாலான வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குச் சூத்திர வடிவில் விடை கிடைப்பதில்லை. பெரிய வீச்சில் ஆடும் எளிய ஊசலுக்குக்கூட அடிப்படைச் சார்புகளால் விடை எழுத இயலாது. இவற்றுக்கான இரண்டாம் வழி, விடையைப் படிப்படியாக எண்களில் கணிப்பது. 1768 முதல் 1770 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த தொகை நுண்கணித நூலின் முதல் தொகுதியில் இம்முறையை ஆய்லர் விளக்கினார். தொடக்கப் புள்ளியில் கணியத்தின் மதிப்பு தெரியும். சமன்பாடு அப்புள்ளியில் அது மாறும் வீதத்தைத் தரும். ஒரு சிறிய இடைவெளிக்கு அவ்வீதம் மாறாது எனக் கொண்டு அடுத்த புள்ளியின் மதிப்பைக் கணிக்கவேண்டும். அங்கே வீதத்தைப் புதிதாகக் கணித்து அடுத்த படிக்குச் செல்லவேண்டும். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் மட்டுமே போதும்.

வளர்ச்சி வீதம் எப்போதும் கணியத்தின் மதிப்புக்குச் சமமாக உள்ள சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கணியம் 1 எனில், ஓரலகு நேரத்துக்குப் பின் அதன் உண்மை மதிப்பு 2.71828 ஆகும். ஆய்லர் முறையில் கிடைக்கும் மதிப்புகள் வருமாறு:

படி நீளம் 1 எனில் 2
படி நீளம் 0.25 எனில் 2.44141
படி நீளம் 0.1 எனில் 2.59374
படி நீளம் 0.01 எனில் 2.70481
படி நீளம் 0.001 எனில் 2.71692

படியின் நீளம் பத்தில் ஒரு பங்காகும்போது பிழையும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிறது. வேலையோ பத்து மடங்காகிறது. ஆய்லர் இக்குறையை அறிந்தே இருந்தார். ஒவ்வொரு படியிலும் நேரும் சிறு பிழைகள் சேர்ந்து பெருகும் என்பதையும், வீதம் விரைந்து மாறும் இடங்களில் படிகளை மேலும் சிறிதாக்க வேண்டும் என்பதையும் அந்நூலிலேயே எடுத்துரைத்தார். உயர்வரிசை வகைக்கெழுக்களையும் சேர்த்துக்கொண்டு பிழையைக் குறைக்கும் வழியையும் காட்டினார். மேற்கண்ட எடுத்துக்காட்டில் நான்காம் வரிசை வரை சேர்த்துக்கொண்டால், நீளம் 1 கொண்ட ஒரே படியில் 2.70833 கிடைக்கிறது. எளிய முறையின் நூறு படிகளைவிட இது உண்மைக்கு அண்மையானது.

பார்வையிழப்பும் இரண்டாம் பீட்டர்ஸ்பர்க் காலமும் (1766–1783)

பேரரசி இரண்டாம் கத்தரீனின் அழைப்பை ஏற்று 1766 இல் ஆய்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். சிறிது காலத்திலேயே இடக்கண்ணும் கண்புரையால் மங்கியது. 1771 இல் செய்யப்பட்ட அறுவை மருத்துவத்தால் பார்வை மீண்டது. ஆனால் சில நாள்களில் தொற்று ஏற்பட்டு அதுவும் போயிற்று. அதே ஆண்டில் நகரில் ஏற்பட்ட பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்தது. பேசலைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்பவர் பார்வையற்ற அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினார். கையெழுத்துப்படிகளில் பெரும்பாலானவை தப்பின. 1773 இல் மனைவி கத்தரீனா காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மாற்றாந்தாய் வழித் தங்கையை ஆய்லர் மணந்தார்.

இவ்விழப்புகளுக்கு இடையிலும் அவருடைய பணி குறையவில்லை. 1775 இல் சராசரியாக வாரத்துக்கு ஒரு கட்டுரை என்னும் அளவில் எழுதினார். மூத்த மகன் யோகான் ஆல்பிரெக்ட், லெக்செல், கிராப்ட், 1773 இல் பேசலிலிருந்து வந்த நிக்கோலசு புசு ஆகியோர் அவர் சொல்லச் சொல்ல எழுதினர். நீண்ட கணிப்புகளைச் செய்து அவருக்குப் படித்துக்காட்டினர். 1770 இல் செருமன் மொழியில் வெளிவந்த இயற்கணித நூலைத் தையற்கலை பயின்ற இளம் பணியாளர் ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்தார். எழுதி முடிக்கும்போது அப்பணியாளரும் இயற்கணிதம் கற்றிருந்தார் என்பர். இரு மாணவர்கள் ஒரு தொடரின் 17 உறுப்புகளைக் கூட்டி, ஐம்பதாம் தசம இடத்தில் வேறுபட்ட விடைகளைப் பெற்றபோது, ஆய்லர் மனத்திலேயே கணித்துப் பிழையைக் கண்டறிந்தார் என்றும் கூறப்படுகிறது.

1772 இல் வெளிவந்த நிலாவின் இயக்கம் பற்றிய இரண்டாம் கோட்பாடு இவ்வாறே உருவானது. புவி, ஞாயிறு இரண்டின் ஈர்ப்புக்கும் உட்பட்ட நிலாவின் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குச் சூத்திர விடை இல்லை. கடலில் கப்பல் இருக்கும் நெட்டாங்கை அறிய நிலாவின் இருப்பிடத்தை முன்கூட்டிக் கணித்த அட்டவணைகள் தேவைப்பட்டன. தோபியாசு மேயரின் அட்டவணைகளுக்கு ஆய்லரின் தேற்றங்கள் உதவியமைக்காக, 1765 இல் பிரித்தானிய அரசு ஆய்லருக்கு 300 பவுண்டு வழங்கியது. தவறான கணிப்பு கப்பலைப் பாறையில் கொண்டு சேர்க்கும் என்பதால், பிழையின் அளவை அறிவது அக்காலத்திலேயே உயிர்நிலையான செய்தியாக இருந்தது.

மறைவு

1783 செப்டம்பர் 18 அன்று காலையில் ஆய்லர் தம் பேரக்குழந்தைக்குக் கணிதப் பாடம் நடத்தினார். அவ்வாண்டில்தான் முதன்முதலாகப் பறக்கவிடப்பட்டிருந்த வெப்பக்காற்றுக் கூண்டுகளின் ஏற்றம் குறித்துக் கற்பலகையில் கணக்கிட்டார். பின்னர் லெக்செலுடனும் புசுவுடனும், 1781 இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனசு கோளின் சுற்றுப்பாதை பற்றிப் பேசினார். மாலையில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு நினைவிழந்து, இரவில் காலமானார். சுமோலென்சுக்கு லூத்தரன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் எச்சங்கள் 1956 இல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடாலயத்துக்கு மாற்றப்பட்டன.

ஆய்லருக்குப் பின்

படிகளைச் சிறிதாக்கிக்கொண்டே சென்றால் ஆய்லர் முறையின் விடை உண்மை விடையை நெருங்கும் என்பதைத் தக்க நிபந்தனைகளுடன் 1820களில் கோசி நிறுவினார். 1895 இல் கார்ல் ரூங்கேயும், 1901 இல் மார்ட்டின் குட்டாவும் ஒவ்வொரு படிக்குள்ளும் வீதத்தைப் பலமுறை கணித்துத் துல்லியத்தை உயர்த்தும் முறைகளை அமைத்தனர். 1945 இல் கட்டி முடிக்கப்பட்ட எனியாக் கணினி, பீரங்கிக் குண்டுகளின் பாதைக்கான வகைக்கெழுச் சமன்பாடுகளைப் படிப்படியாகக் கணிப்பதற்கென்றே திட்டமிடப்பட்டது.

கணித மென்பொருளும் ஆய்லர் முறையும்

மாட்லாப், மேப்பிள், மேத்தமேட்டிக்கா ஆகிய வணிக மென்பொருள்களும், மாக்சிமா, சைலாப், ஆக்டேவ், சேஜ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களும் வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் பயன்படுகின்றன. இவற்றில் இரு வகைக் கட்டளைகளை மாணவர் சந்திக்கிறார். ஒன்று குறியீட்டு முறையில் சூத்திர விடையைத் தேடுவது. மற்றொன்று எண்ணியல் முறையில் மதிப்புகளைக் கணித்து வரைபடம் தருவது. ஆய்லர் வளர்த்த இரு வழிகளும் இவ்விரு கட்டளைகளாகவே இன்று தொடர்கின்றன.

ஆயத்தக் கட்டளைகள் இருக்கும்போது, துல்லியம் குறைந்த ஆய்லர் முறையை மாணவர்கள் தாமே நிரலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் எப்போதும் ஒரு வரைபடத்தைத் தந்துவிடும். அது சரியானதா என்பதை அந்த வரைபடம் சொல்லாது. எடுத்துக்காட்டாக, தன் மதிப்பைப்போல் 15 மடங்கு வீதத்தில் தேயும் ஒரு கணியம் 1 இல் தொடங்குவதாகக் கொள்வோம். உண்மையில் அது விரைவில் சுழியை நெருங்கும். 0.25 நீளமுள்ள படிகளால் ஆய்லர் முறையில் கணித்தால் -2.75, 7.56, -20.80 என்று குறி மாறி மாறிப் பெருகும் எண்களே கிடைக்கும். நிரலில் எழுத்துப்பிழை ஏதுமில்லை, கணினியும் தவறவில்லை, படியின் நீளமே தவறு. இத்தகைய சமன்பாடுகளுக்கு, படியின் முடிவில் உள்ள வீதத்தைப் பயன்படுத்தும் பின்னோக்கு ஆய்லர் முறை பொருத்தமானது. அதே படி நீளத்தில் அது ஒவ்வொரு படியிலும் மதிப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துச் சுழியை நோக்கிச் செல்கிறது.

படியை அளவின்றிச் சிறிதாக்குவதும் தீர்வாகாது. கணினி ஒவ்வோர் எண்ணையும் வழக்கமாக 16 இலக்க அளவிலேயே வைத்திருப்பதால், படிகள் மிகும்போது முழுமையாக்கப் பிழைகள் சேர்கின்றன. மாட்லாப் போன்றவற்றில் உள்ள பொதுநோக்கு நிரல்கள் ரூங்கே–குட்டா வகையைச் சேர்ந்த இரு வரிசைகளில் விடையைக் கணித்து, அவற்றின் வேறுபாட்டைக் கொண்டு படியின் நீளத்தைத் தாமே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன. வீதம் விரைந்து மாறும் இடத்தில் சிறு படி வேண்டும் என்று ஆய்லர் கூறியதன் இயந்திர வடிவம் இது எனலாம். படி நீளத்தைப் பாதியாக்கி மீண்டும் கணித்து ஒப்பிடுவதும், விடை தெரிந்த ஒரு சமன்பாட்டில் நிரலைச் சோதிப்பதும் இப்பாடத்தில் மாணவர் பழகவேண்டியவை.

நினைவுச் சிறப்புகள்

ஆய்லரின் படைப்புகளைத் தொகுத்து வெளியிடும் பணி சுவிட்சர்லாந்தில் 1911 இல் தொடங்கியது. இத்தொகுப்பு 80 தொகுதிகளுக்கு மேற்பட்டது. சுவிட்சர்லாந்தின் முன்னாள் 10 பிராங்க் பணத்தாள் ஒன்றில் அவருடைய உருவம் இடம்பெற்றிருந்தது. 2002 என்னும் எண் கொண்ட சிறுகோளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆய்லர் முற்றொருமை, ஆய்லர் வட்டம், ஆய்லர்–லாக்ராஞ்சி சமன்பாடு, ஆய்லர் கோணங்கள் எனக் கணிதத்திலும் இயற்பியலிலும் அவர் பெயர் தாங்கிய கருத்துருக்கள் பல. அவற்றுள் கணினியில் மாணவர் தம் கையால் எழுதிப் பார்க்கும் முதல் கருத்துரு பெரும்பாலும் ஆய்லர் முறையே ஆகும்.